மந்திரி இல்லாத மனை

மந்திரி மனையில் எந்த மந்திரியும் குடியிருக்கவில்லை. சரி. இதை ஏதோ புதையல் கிண்டி எடுத்ததுபோலச் சொல்லிக்கொண்டு திரிபவர்களுக்கு முதலில் ஒரு தகவல்: இது எங்களுக்கும் எப்போதோ தெரியும்.

யாழ்ப்பாணத்து நல்லூரில் பருத்தித்துறை வீதிக்கரையில், சட்டநாதர் கோயிலுக்குக் கிட்ட நிற்கும் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி 2025 செப்டெம்பர் மழையில் இடிந்து விழுந்தது. விழுந்த கல்லில் ஈரம் காயவில்லை. அதற்குள், விழுந்தது நியாயந்தான் என்று நிறுவ ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஒரு சனசமூக நிலையக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அந்த வாதத்தை விரல்விட்டு எண்ணி அழகாக அடுக்கினார். அது சங்கிலிய மன்னன் காலத்துக் கட்டடமே இல்லை, பிறகு ஏன் இந்த ஒப்பாரி? இடத்தைக் காட்ட ஒரு பலகை நட்டால் போதாதோ? வீடில்லாத சனம் இருக்கும்போது பாழ்ச்சுவருக்குக் காசு கொட்டுவது தர்மமோ? காணி தனியாருடையது, உறுதி இன்னொருவர் கையில், எங்களுக்கு அதில் என்ன கதை? கடைசி விரலை மடக்கும்போது குரலைத் தாழ்த்தினார்: தொல்பொருள் திணைக்களத்தைக் கூப்பிட்டால் நாளைக்கு அங்கே விகாரை முளைக்கும். சபை கைதட்டியது. தலைவர் நேரமாகிவிட்டதென்று நன்றியுரைக்குப் போய்விட்டார்.

பெரியவரின் பெயர் இங்கே தேவையில்லை. அவர் சொன்னதைத் தேத்தண்ணிக் கடையிலும் கலியாணவீட்டுப் பந்தியிலும் இப்போது எத்தனையோ பேர் சொல்கிறார்கள். அன்று கிடைக்காத நேரத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

காலக் கணக்கிலிருந்து தொடங்குவோம். நல்லூரைத் தலைநகராகக் கொண்ட அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. கடைசி அரசன் சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை பிலிப் டி ஒலிவேரா 1621இல் இடித்தான். மந்திரி மனை என்று இன்று நிற்பது அதற்கெல்லாம் வெகுவாகப் பிந்தியது. முகப்பையும் மரவேலையையும் பார்த்தாலே ஒல்லாந்தர் பாணியின் சாயல் தெரியும்; நம்மூர்த் தச்சனின் கைவாகும் அதோடு கலந்திருக்கும். வரலாறு எழுதியவர்கள் இதை ஒளிக்கவில்லை. பழைய அரண்மனை வட்டாரம் என்று ஊர் நம்பிய நிலத்தில் பிறகு ஒரு கட்டடம் எழுந்தது. நிலத்தின் ஞாபகம் கட்டடத்தில் ஒட்டிக்கொண்டது. பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

இனிப் பெரியவரின் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நல்லூரை ஒருமுறை சுற்றி வருவோம். நாங்கள் தேருக்கும் தீர்த்தத்துக்கும் போகிற இன்றைய கந்தசுவாமி கோயில் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சியில், பழைய இடத்தை விட்டு வேறிடத்தில் எழுந்தது. அரசன் காலத்துக் கோயில் முத்திரைச் சந்திப் பக்கம், இன்று தேவாலயம் நிற்கும் இடத்தில் இருந்தது என்பது மரபு. அப்படியென்றால் இப்போதுள்ள கோயில் அரசன் காலத்ததல்ல, அதனால் பெறுமதி இல்லை என்று பெரியவர் கொடியேற்றத்தன்று வீதியில் நின்று சொல்வாரோ? சொல்லிப் பார்க்கட்டும், அங்கப்பிரதட்டை செய்கிறவர்கள்கூட எழும்பி வருவார்கள். யாழ்ப்பாண நகரப் பக்கம் போனால், கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டி முடித்தது. மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்துபோன ஞாபகத்துக்கு எழுப்பியது. பொதுநூலகம் 1959இல் திறந்தது. இந்த அளவுகோலோடு நடந்தால் நல்லூரில் மிஞ்சுவது யமுனாரி ஒன்றுதான். ‘ப’ வடிவில் வெட்டிய அந்தக் கேணியில் எத்தனை பிளாஸ்ரிக் போத்தல் மிதக்கிறது என்று எண்ணிவிட்டு வந்து அவர் மேற்கொண்டு பேசலாம்.

முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளோடு இருக்கும் சங்கிலியனை எல்லாருக்கும் தெரியும். 1974இல் வைத்த சிலையை 2011இல் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்கள். இரண்டில் ஒன்றையும் அரசனைக் கண்ணால் கண்டு வடிக்கவில்லை. சிற்பியின் கற்பனை, அதில் குற்றமில்லை, நானும் அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் அந்தக் குதிரையிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்காதவர்கள் சில நூறு யார் தள்ளி நிற்கும் சுண்ணாம்புச் சுவரிடம் மட்டும் கேட்கிறார்கள். சிலைக்கு மாலை போடலாம், மேடை போடலாம், படம் எடுக்கலாம். சுவருக்குச் செய்ய வேண்டியது மராமத்து. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது, காலக் கணக்கில் இல்லை.

இந்த அளவுகோல் எந்தக் கடையில் வாங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் எது என்று வரையறுக்கும் இடத்தில் ஒரு திகதியைப் போடுகிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் பிரித்தானியருக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட நாள். யாழ்ப்பாணத்தவனுக்கு அந்த நாளில் என்ன விசேசம்? இங்கே அரசு போய் அப்போதே 196 வருடமாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் கொழும்பைச் சந்தேகிக்கிற பெரியவர் கொழும்பின் இந்த எண்ணத்தை மட்டும் ஒரு சொல் கேட்காமல் வாங்கிக்கொண்டு, எல்லைக்கோட்டை இன்னும் இருநூறு வருடம் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறார். முடி போன அன்றோடு சரித்திரமும் போச்சுதாம். மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியதே ஒல்லாந்தர் காலத்தில்தான். தேசவழமை எழுத்தில் ஏறியது 1707இல். சீதனக் காணி வழக்கென்று வந்தால் இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம். அந்தக் காலத்தில் முருகைக்கல் வெட்டியவனும் சுண்ணாம்பு அரைத்தவளும் தூணில் பூ செதுக்கிய ஆசாரியும் யாழ்ப்பாணத்தார் இல்லையோ?

அரசனே இல்லாத நாடு அமெரிக்கா. அங்கே சின்ன நகரங்களில்கூட வீதிக்கரையில் இரும்புப் பலகை நிற்கும்: இது பழைய மாவாலை, இது முதல் பள்ளிக்கூடம், இந்தத் துறையில் தோணி ஓடியது. வேர்ஜீனியா மாநிலம் 1927இலேயே பெருந்தெருக்களில் இவற்றை நடத் தொடங்கிவிட்டது. மாசசூசெற்ஸில் வூஸ்ரர் என்றொரு நகரம். 1847இல் இங்கே வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்து, வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கிய சாமுவேல் கிறீன் அந்த ஊர்க்காரர். 1884இல் அங்கேயே இறந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவன் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொல்லிவிட்டுப் போனவர். அமெரிக்க நகரமொன்றில் ஒரு கல் தமிழரின் பெயரைச் சுமக்கிறது. நல்லூரில் தமிழன் கட்டிய வீட்டுக்குத் தமிழன் காலாவதித் திகதி தேடுகிறான்.

பலகை போதும் என்ற வாதத்துக்கு லண்டனில் பதில் இருக்கிறது. வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை பதிக்கும் வழக்கத்துக்குப் பேர்போன ஊர் அது. 1867இல் அங்கே பதித்த முதல் பலகை கவிஞர் பைரன் பிறந்த வீட்டுக்கு. 1889இல் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். பலகை சுவரைக் காக்காது; சுவர்தான் பலகையைத் தாங்குகிறது. எங்கள் தொல்பொருட் சின்னங்களின் முன்னால் நிற்கும் பலகைகளில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: சேதம் விளைவிப்பது தண்டனைக்குரிய குற்றம். செப்டெம்பர் மழைக்கு எந்த நீதிமன்றம் அழைப்பாணை அனுப்புவது?

இடிந்ததற்குப் பிறகு ஒரு பின்னேரம் போய் நின்றேன். வீதியில் பஸ் போகும்போதெல்லாம் நிலம் மெல்ல அதிர்ந்தது. பூச்சு உதிர்ந்த இடத்தில் முருகைக்கல் வெளியே தெரிந்தது. கடலில் இருந்த காலத்துத் துளைகள் அப்படியே இருந்தன. உள்ளங்கையை வைத்து எடுத்தால் ரேகைக்குள் வெள்ளைத் தூள். சுவர் வெடிப்பில் ஒரு ஆலங்கன்று சுண்டுவிரல் தடிப்பில் வேர்விட்டிருந்தது. கரிக்கட்டியால் எழுதிய காதலர் பெயர்கள், ஒரு இதயம், அதற்குள் அம்பு, பக்கத்தில் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசி இலக்கம். மேலே மரவேலையில் ஒரு கொடி சுருண்டு போய் முடிகிற இடத்தில் ஆசாரி ஒரு சின்ன மொட்டு வைத்திருக்கிறார். வீதியில் போகிற ஒருவருக்கும் அது தெரியாது. கழுத்தை ஒடித்துப் பார்த்தால்தான் தெரியும். யாருக்காக வைத்தாரோ. இந்த மொட்டை எந்தப் பலகையில் எழுதி வைப்பது? “இவ்விடத்தில் ஒரு மொட்டு இருந்தது” என்றா?

காசு. இதுதான் சபையில் அதிகம் கைதட்டு வாங்கிய விரல். வீடில்லாதவர்களின் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவன் வாயை மூடிவிடுவான் என்பது நம்மூர் மேடைகளில் பழைய உத்தி. நான் மூடப்போவதில்லை. நல்லூரில் 2011இலும் 2015இலும் தெற்கிலும் வடக்கிலும் ஒன்பது நிலைக் கோபுரங்கள் எழுந்தன. நானும் குடமுழுக்குப் பார்த்தேன், தலைக்குமேல் கைகூப்பினேன். அன்று ஒருவரும் வீடில்லாதவர்களை நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருக்கவும் தேவையில்லை, பக்திக்குக் கொடுத்த காசை வேறு கணக்கில் எழுத முடியாது. ஒழுங்கைக்கு ஒழுங்கை சீமெந்து வளைவு முளைக்கிறதே, அதற்கு என்ன கணக்கு? மேலே இரண்டு யானை, நடுவில் லட்சுமி, காலடியில் ரொறன்ரோவிலிருந்தோ பரிசிலிருந்தோ காசு அனுப்பியவரின் பெயர் கறுப்புக் கிறனைற்றில். சங்கிலித்தோப்பு வளைவு பருத்தித்துறை வீதியில் பல காலம் பாசி பிடித்து நின்றபோது, நாங்கள் ஊரெல்லாம் புது வளைவு கட்டிக்கொண்டிருந்தோம். வீடில்லாதவர்கள் அந்த வளைவுகளுக்குக் கீழாலும்தான் நடந்து போனார்கள்.

கல்லெறிகிற நான் கண்ணாடி வீட்டுக்காரன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பெரியப்பாவின் நாற்சார் வீடு கொக்குவிலில் இருந்தது. நடு முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், மழை பெய்தால் நாலு கூரையிலிருந்தும் முற்றத்துக்குள் தண்ணீர் விழும் சத்தம். ஏ9 பாதை திறந்த பிறகு லொறியோடு வந்த ஒரு வியாபாரி தூண்களையும் கதவு நிலைகளையும் விலை பேசினார். ஆட்டுக்கல்லையும் உரலையும் சும்மா தரச் சொன்னார், கொடுத்தோம். வெளிநாட்டிலிருந்த அண்ணன்மார் வாகனம் விடக் கராச் வேண்டும் என்றார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தூண்கள் இப்போது தென்னிலங்கையில் ஏதோ ஒரு விடுதியில் வெள்ளைக்காரர் சாய்ந்து படம் எடுக்க நிற்கின்றன என்று நினைக்கிறேன். எங்கள் பழசுக்குக் காசு பெறாது என்று சொல்கிறவர்கள் அந்த லொறிக்காரரிடம் விலை கேட்டுப் பார்க்கலாம்.

உறுதி கதையை நீட்ட வேண்டியதில்லை. வேலிக் கதியால் இரவோடிரவாக அரை முழம் நகர்ந்தால் கோடு கச்சேரி என்று மூன்று தலைமுறை ஏறி இறங்கும் ஊர் இது. அடுத்தவன் காணியில் எங்களுக்கென்ன என்று இந்த ஊரில் ஒருவர் சொல்வதைக் கேட்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. காணி உரிமையாளர் குற்றவாளி அல்ல. பழைய மரவேலையும் சுண்ணாம்பு வேலையும் தன் கைக்காசில் செய் என்று ஒரு குடும்பத்திடம் கேட்க முடியாது. உள்ளூராட்சிச் சபை சோலைவரியை விட்டுக்கொடுக்கலாம், ஊர் ஒரு நிதி திரட்டலாம், நீண்ட குத்தகை பேசலாம். இதெல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற காரியம். தனியார் காணி என்ற சொல்லை அந்தப் பேச்சைத் தொடங்காமலிருக்கச் சாட்டாகப் பிடிக்கிறார்கள்.

கடைசி விரல், தாழ்ந்த குரல். இங்கே பெரியவரைக் கேலி செய்ய மாட்டேன். அந்தப் பயம் கற்பனையல்ல. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழர்கூட, ஒரு முஸ்லிம்கூட இருக்கவில்லை. குருந்தூர்மலை, வெடுக்குநாறி என்று தொல்லியலின் பேரில் தகராறு எழுந்த இடங்களின் பெயர்களை அடுக்க எல்லாராலும் முடியும். தையிட்டியில் விகாரை எழுந்த தங்கள் சொந்தக் காணிக்காகச் சனம் இன்னும் வீதியில் நிற்கிறது. பயம் சரி. பயத்திலிருந்து அவர் இறங்குகிற முடிவுதான் பிழை.

கந்தரோடையைப் பாருங்கள். 1917இல் போல் பீரிஸ் அங்கே கிண்டத் தொடங்கினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தின் குழு வந்து கிண்டியது. இந்தத் தீபகற்பத்தின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று எங்கள் சுன்னாகத்துக்குப் பக்கத்தில். நாங்கள் என்ன செய்தோம்? சிறு தூபிகளைக் கண்டதும் இது எங்களதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம். மணிமேகலை எந்த மொழியில் இருக்கிறது, அதைப் பாடியவர் எந்தச் சமயத்தவர் என்று பத்தாம் வகுப்பில் படித்துச் சோதனையும் எழுதியவர்கள்தான் நாங்கள். தமிழரும் பௌத்தராயிருந்தார்கள் என்று ஒரு பலகை எழுதி அங்கே நட எங்களுக்குத் தோன்றவில்லை. போர் முடிந்து தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தபோது அந்த இடம் ‘கதுருகொட விகாரை’ ஆகியிருந்தது. இப்போது வேலிக்கு வெளியே நின்று மூக்கால் அழுகிறோம்.

ஆனைக்கோட்டையில் எழுத்துப் பொறித்த முத்திரையை 1980இல் எடுத்தது கொழும்புத் திணைக்களம் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் குழு. கோட்டைக்குள் போர்த்துக்கேயருக்கு முந்திய வணிகத்தின் தடயங்களைத் தேடிய அகழ்வில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தோடு நின்று கிண்டியவர்களிலும் எங்கள் பிள்ளைகள் இருந்தார்கள். தொல்லியல் படித்த பட்டதாரிகள் வருடாவருடம் திருநெல்வேலியிலிருந்து வெளியே வருகிறார்கள். ஆள் இருக்கிறது, அறிவு இருக்கிறது. திணைக்களம் வந்தால் என்ன எழுதும் என்று பயப்படுகிறவர் அதற்கு முன்னால் தான் என்ன எழுதப்போகிறார் என்று சொல்ல வேண்டும். ஒன்றும் எழுதாமல் விட்டால், விழுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தக் காணி பாதுகாப்பாக இருக்கும் என்று எந்தச் சாத்திரத்தில் படித்தார்?

பெரியவர் பேச்சின் நடுவில் 1981ஐயும் தொட்டார். தொடாமல் இங்கே யாராலும் பேச முடியாது. மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 விடியும்போது எரிந்து முடிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள். ஏட்டுச்சுவடிகள் தனி. நாற்பது வருடத்துக்கு மேலாக உலகத்தைக் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். அவரே அதைச் சொல்லிக் கண்கலங்கினார். அடுத்த நிமிடம் மந்திரி மனைக்கு வந்து, அது பழசு, விழத்தான் செய்யும் என்றார். அடுத்தவன் எரித்தது அழிப்பு. நாங்கள் விழவிட்டது இயற்கை. அவருடைய ஐந்து விரலையும் மடக்கினால் கையில் மிஞ்சுவது இந்த ஒரு கணக்குத்தான். இதற்குத்தான் சபை கைதட்டியது.

மந்திரி மனைக்கு முன்னால் பலகை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வேண்டும், ஆனால் உண்மை எழுதிய பலகை: ஊர் இதை மந்திரி மனை என்று அழைக்கிறது, இது அரசர் காலத்துக் கட்டடம் அல்ல, அந்த நிலத்தின் ஞாபகத்தில் பிற்காலத்தார் கட்டியது, 2025 செப்டெம்பரில் ஒரு பகுதி விழுந்தது. மூன்று மொழியிலும் இதை எழுதலாம், ஒருவருக்கும் வெட்கமில்லை. அதற்குப் பின்னால் ஒரு சுவரும் நிற்க வேண்டும்.

விழுந்ததைத் திரும்ப எழுப்புகிறவருக்கு முதலில் தேவைப்படுவது படங்கள். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் அதன் வாசலில் நின்று எடுத்த கலியாணப் படமோ, பள்ளிச் சுற்றுலாப் படமோ, யாரோ ஒரு மாமா புதுக் கமரா வாங்கிய கையோடு எடுத்த படமோ உங்கள் வீட்டு இறங்குபெட்டிக்குள் கிடக்கலாம். ஆட்கள் மறைக்காத மூலையில் ஒரு தூணும் ஒரு யன்னலும் தெரிந்தாலே போதும். எடுத்துத் துடைத்து ஒரு பிரதி செய்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினரிடமோ, நாவலர் வீதி அருங்காட்சியகத்திலோ, ‘நூலகம்’ மின்னூலகத்திலோ கொடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் வருடம் எழுதியிருந்தால் அதையும் சேர்த்துப் பிரதி எடுங்கள்.